ஷரீப் வீட்டு மாடியில் தூசி இல்லை

சுபுஹுத் தொழுகையை முடித்துவிட்டு மாடிக்கு ஏறிய ஷரீப், ஜாடிக்குள் எட்டிப் பார்த்ததும் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த விரலை நிறுத்தினார். முந்தின நாள் மத்தியானம் மதராஸ் ஆபீசர் தன் கையாலேயே ஊற்றி வைத்துவிட்டுப் போன தெளிந்த தண்ணீரின் அடியில் சாம்பல் படிந்திருந்தது.

அதிகமில்லை. ஒரு ரூபாய் நாணயத்தின் கனம்கூட இருக்காது. ஆனால் இருந்தது.

அவர் வானத்தைப் பார்த்தார். மாசி மாதத்து விடியலில் ஒரு மேகம் கிடையாது. பாகூர் ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் ஈரச் சேற்றின் வாடை இருந்தது, புகையின் வாடை இல்லை. ரைஸ் மில் மோட்டார் எரிந்துபோய் மில் மூடிக் கிடந்தது. கரும்புச் சோகை கொளுத்தும் காலம் வரவில்லை. அவர் வீட்டு அடுப்பே அன்றைக்கு இன்னும் மூட்டப்படவில்லை. இரண்டு விரலைத் தண்ணீருக்குள் விட்டுச் சாம்பலைத் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். நாற்பது வருஷம் ஜவுளி விற்ற கை அது. கண்ணை மூடிக்கொண்டு மல்லையும் மஸ்லினையும் பிரித்துச் சொல்லும். உமிச் சாம்பல் என்றால் கரகரக்கும், விறகுச் சாம்பல் என்றால் விரலில் ஒட்டும். இது இரண்டுமில்லை. பவுடரைப் போல வழுக்கியது. முகர்ந்தபோது தீக்குச்சி அணைந்த நாற்றம் வந்தது.

கைப்பிடிச் சுவரின் மேல் வேறு எங்கும் சாம்பல் இல்லை. தரையிலும் இல்லை. ஜாடிக்குள் மட்டும்தான்.

அந்த ஜாடி அவர் வீட்டுக்கு வந்ததே ஒரு மானப் பிரச்சினையில்தான். ஊருக்கு மேற்கே உள்ள புஞ்சையில் அனல் மின் நிலையம் கட்டலாமா என்று பார்க்க மதராஸிலிருந்து ஒரு கூட்டம் ஜீப்பில் வந்திருந்தது. தண்ணீரைப் புட்டியில் பிடித்தார்கள், மண்ணைத் தோண்டிப் பையில் போட்டார்கள். புகைபோக்கி நிற்கப்போகிற இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கம்பை நட்டுச் சிவப்புத் துணி கட்டினார்கள். அடுத்ததாக, காற்றிலிருந்து எவ்வளவு தூசி விழுகிறது என்று பார்க்க மரம் மறைக்காத ஒரு மாடி வேண்டும் என்றார்கள். அவர்கள் முதலில் செல்லப்பன் வீட்டுக்குப் போய்க் கேட்டதாகத் தெரிந்ததும் ஷரீப் ஆள் விட்டு ஆபீசரைக் கூப்பிட்டார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஊர் நிர்வாகமான கொம்யூனுக்கு எந்தப் பெரிய ஆள் வந்தாலும் அவருடைய அத்தா வீட்டு மாடியில்தான் நாற்காலி போடுவார்கள். நேற்று முளைத்த செல்லப்பனின் மொட்டைமாடிக்கு இந்த ஊரில் என்ன தகுதி?

நாகராஜன் என்ற அந்த ஆபீசர் இளவயசுக்காரன். நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான். மாசக் கடைசியில் வந்து ஜாடியை எடுத்துப் போவோம், உள்ளே விழுந்ததை எடை போடுவோம், நீங்கள் தொடவேண்டாம் என்றான். அதற்கு மேல் அவன் விளக்கவில்லை. விளக்கம் கேட்டு நிற்கிற பழக்கம் ஷரீபுக்கும் இல்லை. அவர் புரிந்துகொண்டது இவ்வளவுதான். சர்க்கார் அவர் வீட்டுத் தூசியை எடை போடப் போகிறது. அதைக் காகிதத்தில் எழுதப் போகிறது.

ஊரில் அந்த வீட்டுக்கு அடையாளமே அதன் வெள்ளைதான். வருஷா வருஷம் ரமலானுக்கு முன்னால் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்து, நீலம் கலந்து மேல்பூச்சுப் பூசுவார்கள். முற்றத்தில் கோழி வந்தால்கூட ஷரீப் எழுந்து விரட்டுவார். அந்த வீட்டிலிருந்து ஒரு ஜாடி நிறையச் சாம்பல் மதராஸுக்குப் போவதா?

அவர் ஜாடியை இறக்கினார். குளியலறைக்குக் கொண்டுபோய்ச் சாம்பல் தண்ணீரை மருதாணிச் செடிக்குப் போகிற கால்வாயில் கொட்டினார். தேங்காய் நாரால் உள்ளே தேய்த்துக் கழுவினார். கொதித்து ஆறிய தண்ணீரை மல் துணியில் வடிகட்டி முன்பிருந்த அளவுக்கு ஊற்றி, எடுத்த இடத்திலேயே வைத்தார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் சாம்பல் இரண்டு மடங்காக இருந்தது.

அதற்குப் பிறகு அது தினசரி வேலையாகிவிட்டது. தொழுவார், ஏறுவார், இறக்குவார், கழுவுவார். ஒவ்வொரு விடியலிலும் படிக்கட்டின் கடைசிப் படியில் கால் வைக்கும்போது, இன்றைக்கு இருக்காது என்று நெஞ்சுக்குள் ஒரு குரல் பிடிவாதமாகச் சொல்லும். குனிந்து பார்த்தால் இருக்கும். இதமான சூட்டோடு இருக்கும். ராத்திரியெல்லாம் பனியில் கிடந்த ஜாடி, அப்போதுதான் யாரோ கையில் வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தது போல வெதுவெதுப்பாக இருக்கும். மருதாணிச் செடியின் இலைகள் நரைத்தன. கிள்ளிப் பார்த்தபோது காம்பு நொறுங்கி விரலில் மாவானது.

ஜாடி இருந்த இடத்துக்கு நேர் கீழேதான் அவர் மனைவி ரஹ்மத் பீவி படுக்கும் அறை. மாசி பாதியில் அவளுக்கு இருமல் ஆரம்பித்தது. முதலில் வறட்டு இருமலாக இருந்தது, பிறகு அடிவயிற்றிலிருந்து கிளம்பி முதுகை வளைக்கும் இருமலாக ஆனது. பெருக்க வருகிற செங்கமலம் ஒரு நாள் தலையணை உறையைக் கொண்டுவந்து ஷரீப் முன்னால் விரித்துக் காட்டினாள். வாய் படுகிற இடம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"பீவியம்மா இன்னாத்த துப்புது, பாரு சாயபு. ஆஸ்பத்திரிக்கு இட்டுன்னு போ."

"சளி. போய் வேலையைப் பாரு."

"சளி இந்தக் கலர்லயா வரும்? எங்க வூட்டு அடுப்பே தேவலாம்."

இதை வெளியில் பேசினால் மறுநாளிலிருந்து படி ஏறவேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். காசம் என்று ஊர் வாயில் விழுந்தால் அத்தோடு போயிற்று. அவருடைய பேத்திகளுக்குச் சம்பந்தம் பேச ஒருவன் வாசலை மிதிக்கமாட்டான். அன்றைக்கு அந்த உறையை அவரே துவைத்தார். மூன்று தண்ணீர் மாற்றியும் கடைசித் தண்ணீர் கலங்கலாகவே இருந்தது.

நிழலை அவர் பார்த்தது அந்த வாரத்தில்தான். அஸர் தொழுதுவிட்டு மாடியில் நின்றிருந்தார். மேற்கே வெயில் சாய்ந்து, அறுவடையான புஞ்சைகளின் தாள்கள் மஞ்சளாக மின்னின. தூரத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பு தீக்குச்சி போல நின்றது. அதன் நிழல் கிழக்கு நோக்கி, அதாவது அவர் வீட்டை நோக்கி விழுந்திருந்தது. அதில் தப்பில்லை. ஆனால் ஆள் உயரக் கம்பின் நிழல் இரண்டு வரப்புகளைத் தாண்டிக் கிடந்தது. கம்பின் தடிமனில் இல்லை, ஒரு மாட்டு வண்டி அகலத்துக்குக் கிடந்தது. மேய்ந்து திரும்பிய எருமைகள் அதன் ஓரம்வரை வந்து நின்றன, மூக்கைத் தரையில் வைத்து மோந்தன, பிறகு ஒன்றன் பின் ஒன்றாகத் திரும்பி நிழலின் நுனியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயின.

மறுநாள் அது வண்டிப்பாதையைத் தொட்டது. அதற்கு மறுநாள் பனைமரங்களைத் தாண்டியது. சாயங்காலம் மாடிக்குப் போவதை ஷரீப் நிறுத்திக்கொண்டார். போகாமலேயே அவருக்குத் தெரிந்தது. முற்றத்தில் உட்கார்ந்திருக்கும்போது மேற்குச் சுவருக்கு அப்பால் ஏதோ ஒன்று மெல்ல நகர்ந்து வருகிற கனம் காதில் அழுத்தியது. கூடவே ஓர் உறுமல். உறுமல் என்றுகூடச் சொல்லமுடியாது. தூங்குகிற பெரிய மிருகம் மூச்சை உள்ளே இழுத்து, விட மறந்தது போன்ற ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்கிற நேரத்தில்தான் ரஹ்மத் பீவி இருமுவாள்.

மாசக் கடைசியில் நாகராஜன் வந்தான். ஷரீப் காலையில்தான் கழுவி வைத்திருந்தார். நாகராஜன் ஜாடியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தான். அவன் முகம் மலர்ந்தது.

"கண்ணாடி மாதிரி இருக்கு சார். சுத்தின எந்த ஊர்லயும் இப்படி இல்ல."

ஷரீபின் முதுகு நிமிர்ந்தது. "எங்க குடும்பத்துல அப்படித்தான்" என்றார்.

"உங்களாலதான் சார் இந்த இடம் முடிவாகப்போகுது. ஏற்கெனவே தூசி விழுற ஊரா இருந்தா மேல மேல சாம்பலைச் சேர்க்க முடியாது, வேற இடம் பார்க்கணும்னு ரூல். இவ்வளவு சுத்தமான காத்து, எவ்வளவு விழுந்தாலும் தாங்கும்."

உள்ளறையிலிருந்து இருமல் கேட்டது. நாகராஜன் மரியாதைக்கு அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் கொம்யூன் ஆபீசில் கூட்டம் என்றும், ஜாடி வைத்திருந்த வீட்டுக்காரர் என்ற முறையில் ஷரீப் வந்து, யாரும் ஜாடியைத் தொடவில்லை, தூசி இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டான். அன்றைக்குச் சாயங்காலம் மஃரிபுக்குப் பிறகு பெரிய ஆபீசர்கள் மாடியைப் பார்க்க வருவார்களாம். போகும்போது வேறொரு ஜாடியை வைத்துவிட்டுப் போனான்.

ரஹ்மத் பீவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். அவர் ஜாடி கழுவுவது முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். நாற்பது வருஷம் ஒரே கூரையில் இருந்தவளுக்கு விடியலில் கேட்கிற தேங்காய் நாரின் சத்தம் எதற்கென்று தெரியாதா? வெள்ளிக்கிழமை காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, அவருடைய ஜிப்பாவுக்குப் பொத்தான் மாட்டிவிட்டாள்.

"கழுவினேன்னு சொல்லிடுங்க" என்றாள்.

"ஊரெல்லாம் கேக்க, சர்க்காரை ஏமாத்தினேன்னு சொல்லச் சொல்றியா? ஷரீப் குடும்பம் பொய்யன் குடும்பம்னு பேர் வாங்கணுமா?"

"பேரு இருக்கட்டுங்க. மூச்சு இருக்கணும் இல்ல?"

அவர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு இறங்கினார். படியில் திரும்பிப் பார்த்தார். அவள் வாசல் நிலையைப் பிடித்து நின்றாள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் அவள் முகம் மட்டும் பழைய சுவர் போல இருந்தது. பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து தெருவில் நடக்கும்போது, சொல்லிவிடலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஒரே வாக்கியம். நான் கழுவினேன். நாக்கின் நுனியில் அதை வைத்துக்கொண்டேதான் ஆபீஸ் படி ஏறினார்.

கூட்டம் தொடங்கவே சாயங்காலமாகிவிட்டது. செல்லப்பன் முன்வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். நாகராஜன் எழுந்து, ஷரீப் வீட்டு ஜாடியில் தூசியே விழவில்லை என்று அறிவித்ததும் செல்லப்பன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"எங்க மாடியில வெச்சிருந்தா ரெண்டே நாள்ல ரொம்பிருக்கும் சார். சாயபு வூட்ல அப்டி இல்ல. அங்க காத்துகூட கால் கழுவிக்கினுதான் உள்ள வருது."

கூடம் சிரித்தது. பின்னால் நின்ற கூலிக்காரர்கள் சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களும் சிரித்தார்கள். நாகராஜன்கூட உதட்டைக் கடித்துக்கொண்டான். ஷரீப் எழுந்து நின்றார். சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தார். நாக்கில் இருந்த வாக்கியத்தைத் தேடினார். அந்த இடத்தில் வேறொன்று இருந்தது.

"எங்க மாடியில தூசி கிடையாது. ஜாடியை யாரும் தொடல" என்றார்.

சொல்லி முடித்ததும் பல்லுக்கிடையில் ஏதோ வழுக்கியது. தீக்குச்சி அணைந்த நாற்றம். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, யார் கூப்பிட்டதற்கும் நிற்காமல் வெளியே வந்தார்.

ஏரிக்கரை ஓரமாக நடந்தபோது வெயில் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. கரையில் எப்போதும் மீன் உலர்த்துகிறவர்களின் கூச்சல் இருக்கும். அன்றைக்கு ஒருவரும் இல்லை. கொக்குகள் இல்லை. புளியமரத்தில் அடையவேண்டிய காக்கைகள் ஒரே கும்பலாகக் கிழக்கே, கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தன. வளைவு திரும்பியதும் அவர் தன் வீட்டைப் பார்த்தார். பாகூரில் எங்கிருந்து பார்த்தாலும் வெள்ளையாகத் தெரிகிற வீடு. அது தெரியவில்லை. புஞ்சையிலிருந்து புறப்பட்ட நிழல், வண்டிப்பாதையையும் பனைகளையும் மதில்சுவரையும் விழுங்கி, வீட்டின் மேல் முழுசாகப் படுத்திருந்தது. பக்கத்து வீடுகள் அந்தி வெயிலில் செம்பாகப் பளபளத்தன. அவர் வீடு மட்டும் இருட்டில் இருந்தது.

அவர் நிழலுக்குள் கால் வைத்தார். நிழல் குளிரவில்லை. சூடாக இருந்தது.

உறுமல் இப்போது காதில் இல்லை, காலடியில் இருந்தது. மதிலின் கம்பிக் கதவைத் தொட்டபோது அது அதிர்ந்தது. முற்றத்துக்கு வந்தார். கிழக்குச் சுவரில் நிழலின் உச்சி தெரிந்தது. அந்த உச்சியிலிருந்து இன்னொரு நிழல் கிளம்பி, சுருண்டு, அவிழ்ந்து, மேலே போய்க்கொண்டே இருந்தது. புகையின் நிழல். நிமிர்ந்து பார்த்தார். வானத்தில் புகை இல்லை. ஒன்றுமில்லை. சூரியன் மறைந்தது. பாங்கு கேட்டது. தெருவில் இருந்த எல்லா நிழல்களும் தரையோடு கரைந்தன.

இந்த நிழல் மட்டும் போகவில்லை.

"ரஹ்மத்து" என்றார்.

செங்கமலம் வேலையை முடித்துப் போய்விட்டிருந்தாள். தரை பெருக்கப்பட்டிருந்தது. அந்தத் தரையில் அவருடைய காலடிகள் பதிந்தன. குனிந்து பார்த்தார். கணுக்கால்வரை சாம்பல். மெத்தென்று, சத்தமில்லாமல். கிணற்று மேடையில் சாம்பல். துவைத்துப் போட்ட புடவையில் சாம்பல். மாடிப்படியில் ஜாடி கவிழ்ந்து கிடந்தது. அதன் வாயிலிருந்து இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. ஜாடி கொள்கிற அளவு எப்போதோ கொட்டி முடிந்திருக்கவேண்டும்.

ஆபீசர்கள் வருவார்கள். இப்போது வருவார்கள்.

உள்ளறையில் அவள் தொழுகைப் பாயில் உட்கார்ந்திருந்தாள். மேற்கே பார்த்து. தலையில் முக்காடு. தொழுகையின் கடைசி இருப்பில் நீட்டுவது போல, வலது கையின் ஆள்காட்டி விரல் நீட்டியபடி நின்றிருந்தது. முக்காட்டின் மேல், தோளில், மடியில், விரலின் மேல், எல்லாவற்றின் மேலும் ஒரே கனத்தில் சாம்பல் படிந்திருந்தது. அவள் அதைத் தட்டவில்லை.

"எழுந்திரு. ஆள் வர்றாங்க."

நெஞ்சுக்குள் கரகரப்பு மட்டும் கேட்டது. மூச்சு இருக்கிறது. இருக்கிறது.

துடைக்கத் துணி தேடினார். துண்டு சாம்பல். வேட்டி சாம்பல். அலமாரி சாம்பல். கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார். ஹஜ்ஜுக்குப் போன உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரில் நனைத்து உலர்த்தி, அவர்கள் இருவரையும் அடக்கம் செய்யும்போது போர்த்த என்று மடித்து வைத்திருந்த கஃபன் துணி. அது மட்டும் வெள்ளையாக இருந்தது. கிழித்தார். அவள் முன்னால் மண்டியிட்டார்.

கன்னத்தைத் துடைத்தார். சாம்பல் வந்தது. கீழே சாம்பல் இருந்தது. துணியை மடித்து மறுபடி துடைத்தார். வந்தது. இருந்தது. அழுத்தித் துடைத்தார். விரலைத் துடைத்தார், நுனியிலிருந்து அடிவரை, அவள் தினமும் தொழுகைக்குக் கழுவுவது போல.

விரல் குட்டையாக இருந்தது.

துணியில் வருவது எது என்று அவருக்குப் புரிந்தது. கை நிற்கவில்லை.

"கொஞ்சம் பொறு. ஆயிடுச்சு. ஆயிடுச்சு."

தோள். முக்காடு. நெற்றி. மடித்தார், துடைத்தார். மடித்தார், துடைத்தார். கரகரப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் அவர் முகத்துக்கு நேரே. பிறகு நெஞ்சுக்கு நேரே. பிறகு முழங்காலுக்குக் கீழே.

வெளியே ஜீப் வந்து நின்றது. பூட்ஸ் சத்தம். நாகராஜனின் குரல் யாருக்கோ பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தது. இதுதான் சார் அந்த வீடு, கண்ணாடி மாதிரி.

பாயில் ஒரு கைப்பிடிச் சாம்பல் மிச்சமிருந்தது. அது இருமியது.

ஷரீப் துணியைத் திருப்பி வெள்ளையாக ஒரு மூலை இருக்கிறதா என்று தேடினார்.